எண்களிலிருந்து எழுந்த தண்ணீர்

"மாமா, எல்லாம் ஓடி முடிஞ்சிடுச்சு. ஆனா படமா பாக்க முடியல."

தங்கை மகள் மடிக்கணினியோடு வந்து நின்றாள். மேலணை மாதிரி ஓர் அமைப்பில், தூண்களுக்கு நடுவே நீர் எப்படிப் பாயும் என்று ஓப்பன்ஃபோம் என்ற நீரோட்டக் கணிப்பு மென்பொருளில் கணக்கிட்டிருக்கிறாள். 0.5, 1, 1.5 என்று அரை நொடிக்கு ஒரு கோப்புறை. உள்ளே வெறும் எண்கள்.

எண்களைப் படமாகக் காட்டும் பாராவியூ என்ற மென்பொருளில் பார்க்க எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கோப்புறைகள் இருக்கும் இடத்திலேயே .foam என்று முடியும் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, அதைத் திறந்தால் போதும்.

கணக்குக்காக இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்: 1 என்றால் முழுக்க நீர், 0 என்றால் காற்று. இந்த எண் 0.5 ஆகும் இடங்களை இணைத்து நீரின் மேற்பரப்பை வரைந்தோம். தூணின் முன்னால் தண்ணீர் மேடாக எழும்பி, இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. அவள் முகத்தைப் பார்க்கணுமே!

சரி, அழகில் மயங்கிவிடக் கூடாது.

கணக்கு, மதிப்பைக் கட்டத்தின் நடுவில் வைத்திருக்கிறது. அதை மூலைகளுக்குப் பரப்பி வழவழவென்று காட்டும்போது, தூணை ஒட்டிய திடீர் வேக மாற்றம் மழுங்கிவிடும். மண்ணரிப்பைப் பற்றி யோசிக்க அந்த இடம்தான் முக்கியம். வழவழப்பாகவும், கட்டம் கட்டமாகவும் இரண்டு விதமாகவும் பார் என்றேன்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் வெள்ளத்தில் போனதைப் பார்த்தவர்கள் நாம். இந்தக் கணக்கெல்லாம் படமாக வந்தால், கடைமடை விவசாயியும் விரலை வைத்துக் கேள்வி கேட்க முடியும்.

அடுத்து வெள்ள அளவுக்கு ஓட்டப்போகிறாள். தூணடியில் கட்டங்களை இன்னும் சிறிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.