ஓம்டிட் உல் ஓம்ராவைத் தேடிய கதை

திருச்சியில் நண்பர்கள் சேர்ந்து வரலாற்று நடை நடத்துகிறோம். என் தலையில் விழுந்தது "ஃப்ரீமேசன் ஆன முதல் இந்தியர்". ஃப்ரீமேசன் அல்லது மேசன் என்றால், கொத்தனார் தொழிலின் கருவிகளையும் உடையையும் அடையாளமாகக் கொண்ட, ஐரோப்பாவில் தோன்றிய ஒரு சகோதர சங்கத்தின் உறுப்பினர். பத்து நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். அதற்குத் தயாராக நாலு மாதம் பிடித்தது.

ஆளைப் பிடிப்பதில் சிக்கல் இல்லை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. 1770களின் நடுவில் திருச்சியில் வைத்து மேசன் ஆனவர். இந்த இரண்டு வரியைத்தான் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்கள். மூலம் வேண்டுமே!

முதலில் நம்மூர் லாட்ஜ்களை, அதாவது மேசன்களின் கிளைச் சபைகளை, விசாரிக்கலாம் என்று கிளம்பினேன். ஆட்டோக்காரரிடம் "மேசன் லாட்ஜ்" என்றதும், "ஏ.சி.யா, நான்-ஏ.சி.யா?" என்றார். அத்தோடு அந்த முயற்சியை விட்டேன்.

பிறகு ஸ்கேன் செய்யப்பட்ட பழைய ஆங்கில நூல்கள். பெயரைச் சரியாகத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் போனது. அப்புறம்தான் உறைத்தது: அந்தக் காலத்து வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடிதானே எழுதியிருப்பான்? "ஓம்டிட் உல் ஓம்ரா" என்று போட்டேன், வந்துவிட்டது. இன்னொரு தொல்லை, அன்றைய அச்சில் 'எஸ்' எழுத்து நீளமாக, 'எஃப்' மாதிரியே இருக்கும். கணினி அதை அப்படியே படித்து, மேசனை "மாஃபன்" ஆக்கி வைத்திருக்கிறது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் "மாஃபன்" என்றும் தேடுங்கள்.

கிடைத்தது வில்லியம் பிரெஸ்டன் என்ற லண்டன் மேசனின் நூல். இளவரசர் சேர்ந்த செய்தி கேட்டு, மேசன்களின் தலைமைச் சபையான இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்கரித்த ஏப்ரன் ஒன்றும், ஆடம்பரமாக பைண்டு செய்த சபைச் சட்டநூல் ஒன்றும் அனுப்பியிருக்கிறது. கொத்தனார் கட்டுகிற ஏப்ரன்தான், நவாப் வீட்டுக்கு! அவர் பாரசீகத்தில் பதில் எழுதி, பொன்சரிகைத் துணி உறையில் போட்டு அனுப்பினார். 1780இல் அது சபையில் வைக்கப்பட்டது. மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவும் முடிவு செய்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றவர்களுக்குக் கதவு இத்தனை சுலபமாகத் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து சேர முயன்று பல வருடம் இழுபட்டு, 1872இல்தான் சேர முடிந்தது. நவாப் மகனைச் சேர்த்ததில் அரசியல் கணக்கும் இருந்தது என்பது என் எண்ணம். அப்பாவோ ஐரோப்பியரிடம் கழுத்துவரை கடன்பட்டிருந்தவர்.

1795இல் உம்தத் நவாப் ஆனார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சில கடிதங்கள் சிக்கின. நவாப் குடும்பம் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்றது கிழக்கிந்தியக் கம்பெனி. 1801 ஜூலை 15இல் உம்தத் இறந்தார். பதினாறே நாளில், ஜூலை 31இல், தம்பி மகன் அசீம்-உத்-தௌலாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்நாடகத்தின் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காடு நவாப்கள் ஆண்ட பகுதி) ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

நத்தர்வலி தர்காவில், வாலாஜா அடங்கிய இடத்தருகே நின்று இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஒரு கடுதாசிய ஃபிரேம் போட்டானுவோ, இன்னொரு கடுதாசிய வெச்சு ராஜ்யத்தையே எழுதி வாங்கிட்டானுவோ, அப்படித்தானே தம்பி?" என்றார். நான் பேசியது இருபத்திரண்டு நிமிடம்.