2009-இல் எழுதிய ஓர் அடமானப் பத்திரம்

பேங்க் ஏலத்தில் வீடு எடுக்கலாம் என்று ஆரம்பித்தது என் தம்பி. மதுரை கோச்சடையில் இரண்டு படுக்கையறை வீடு, ஆரம்ப விலை 38 லட்சம். ஏலத்தில் கலந்துகொள்ள முதலிலேயே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை 3.8 லட்சம். "பேங்கே விக்குது, அதுல என்னக்கா வில்லங்கம் இருக்கப்போகுது?" என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் விற்க வழிவிடும் சர்ஃபாசி சட்டத்தில் வரும் ஏலம் இது. நம் பெயரில் முடிந்தால், முன்வைப்பையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றைக்கே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி, விற்பனை உறுதியான 15 நாளில். கட்டத் தவறினால் கொடுத்தது திரும்பாது. ஆகவே பார்க்க வேண்டியதையெல்லாம் ஏலத்துக்கு முன்பே பார்த்துவிடுவது என்று 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டேன், அதாவது அந்த வீட்டின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலைப் பதிவுத் துறையிடம் வாங்கினேன்.

2014-இல் பேங்குக்குப் பதிந்த எம்.ஓ.டி., அதாவது வீட்டுப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய அடமானப் பதிவு, இருந்தது. அதற்கு மேலே, 2009-இல் ஒரு தனியாருக்கு 4 லட்சத்துக்கு எழுதிய அடமானப் பத்திரம், மூன்று வருடத் தவணை. அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரத்து ரசீதை வரிவரியாகத் தேடினேன். இல்லை.

எங்கள் வக்கீல் அம்மா பொறுமையாக விளக்கினார். பேங்க் தன் அடமானத்தை வைத்து விற்கிறது. அதற்குப் பின்னால் வந்த அடமானமோ ஜப்தியோ பேங்கின் உரிமைக்குக் கீழேதான் நிற்கும். முன்னால் வந்தது அப்படியல்ல. அது வீட்டோடு ஒட்டிக்கொண்டு புது உரிமையாளரிடம் வரும். "அடமானக் கடனைக் கேட்டு வழக்குப் போடக் காலக்கெடு 12 வருஷம். 2012-இல் தவணை முடிஞ்சிருக்கு, கணக்குப்படி 2024-இல் போயிருக்கணும். நடுவுல வட்டி கட்டி எழுதிக் கொடுத்திருந்தா அங்கிருந்து மறுபடி 12 வருஷம்."

பேங்கில் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே செட்டில் ஆயிருக்கும் மேடம்" என்றார் அதிகாரி. ஆயிருக்கும் என்ற அந்த வார்த்தையை நம்பி 38 லட்சத்தை எப்படிக் கட்டுவது?

மின் பாக்கி, சொத்து வரி பாக்கியெல்லாம் விசாரித்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளக் கூடியவை. வீட்டில் ஆள் இருப்பதுதான் பெரிய விஷயம். பேங்கின் கையில் இருந்தது அடையாள சுவாதீனம் மட்டும்; காகிதத்தில்தான் வீடு அவர்களிடம், சாவி அவர்களிடம் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது மாடிக் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை.

2009-இல் அந்த 4 லட்சம் கடன் கொடுத்தவர் இறந்திருந்தார். உசிலம்பட்டியில் அவர் மகனைக் கண்டுபிடித்தோம். இரும்புப் பெட்டியிலிருந்து அசல் பத்திரத்தை எடுத்தார். பின்பக்கத்தில் வரவு வைத்த வட்டி வரிசையாக இருந்தது. கடைசி வரி 2016, வீட்டுக்காரரின் கையெழுத்தோடு. அப்படியானால் 2028 வரை அந்த அடமானம் உயிரோடு இருக்கிறது. "எங்கப்பா காசுங்க அது" என்றார் அவர். அதில் தப்பே இல்லை.

முன்வைப்பு கட்டவில்லை. பத்திர எண்ணைக் குறிப்பிட்டு பேங்குக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். தமக்குத் தெரிந்த வில்லங்கத்தை ஏல அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்பது விதி. முதல் ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது அறிவிப்பு விலை குறைந்து வந்தது. "வங்கிக்குத் தெரிந்த வில்லங்கம்" என்ற இடத்தில் மறுபடியும் "இல்லை" என்றே போட்டிருந்தார்கள்.