இப்ஸ்விச்சுக்காரி

மார்ச் 4
வீக்கம் வடியாததால் அத்தையின் மோதிரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு துண்டுகளும் ஒரு பிளாஸ்டிக் உறையில் என் கைப்பையில் இருக்கின்றன.

மார்ச் 5
அத்தையின் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்காக அவர்களுடைய குடும்ப பைபிளை மருத்துவமனைக்கே எடுத்துச் சென்றேன். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு முன், பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதுவதற்கென்று விடப்பட்ட தாள்களில் முதல் ஏழு பிறப்புகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. முதல் பிறப்பு 1771. நூல் அச்சான ஆண்டோ 1816. அப்படியானால் அவை அந்தந்த நாளில் எழுதப்பட்டவை அல்ல. பிற்காலத்தில் யாரோ ஒரே மூச்சில் எழுதி வைத்தவை. இதைச் சொன்னபோது அத்தை, "பின்னால் எழுதினால் பொய்யாகிவிடுமா?" என்று கேட்டார்.

மார்ச் 8
1850க்கு முந்தைய அமெரிக்கக் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1790க்கு முன் அதுவும் இல்லை. இனி ஊர்ப் பதிவேடும் உயில்களும்தான் துணை.

மார்ச் 11
அத்தையின் முன்னோர் ஒருவர் எழுதிய உயிலின் நகல் வந்துவிட்டது. படுக்கை, ஈயக்கலப்புத் தட்டுகள், இரும்புப் பானை, இரண்டு பன்றிகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. அதன்பின், "என் மதர் இன் லா" உயிரோடு இருக்கும்வரை கிழக்குப் பக்கத்து அறையும் ஒரு பசுவின் பாலும் அவருக்கு உரியவை என்று ஒரு வரி. பெயரே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களை ஊர்ப்பெயரிட்டு அழைப்பதைப் போல, நான் அவரை இப்ஸ்விச்சுக்காரி என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 12
ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை.

மார்ச் 15
உறங்க முடியவில்லை. அக்காலத்து ஆங்கிலத்தில் "மதர் இன் லா" என்பது மாமியாரையும் குறிக்கும், மாற்றாந்தாயையும் குறிக்கும். மாமியார் என்றால் அத்தையின் உடலில் அவருடைய ரத்தம் ஓடுகிறது. மாற்றாந்தாய் என்றால் ஒரு துளியும் இல்லை. "கசின்" என்று எழுதியிருந்தால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். "சீனியர்", "ஜூனியர்" என்றிருந்தாலும் தந்தையும் மகனும் என்று நம்பிவிட முடியாது. ஒரே ஊரில் ஒரே பெயருடைய பெரியவரும் சிறியவரும் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. சித்திக்கும் மாமியாருக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் எனக்கு இதை நினைக்க நினைக்க எரிச்சலாக வருகிறது.

மார்ச் 18
இணையத்தில் ஒருவர் தொகுத்த வம்சாவளியில், "1701 பிப்ரவரியில் உயில் எழுதியவர் 1702 ஏப்ரல்வரை ஓராண்டுக்கு மேல் நோயில் கிடந்தார்" என்று உருக்கமாக எழுதியிருக்கிறார். 1752வரை அங்கு மார்ச் 25இல்தான் ஆண்டு பிறந்தது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1702. அவர் கிடந்தது இரண்டே மாதம். அதே வம்சாவளியில் இப்ஸ்விச்சுக்காரிக்கு ஒரு பிரபுவைத் தந்தையாகவும் ஒட்டியிருக்கிறார்! குஸ்டாவ் ஆஞ்ஜூ பணம் வாங்கிக்கொண்டுதான் போலி வம்சாவளிகள் செய்து கொடுத்தார். இவர் அதை இலவசமாகவே செய்கிறார்.

மார்ச் 19
அத்தை கிடப்பதும் இன்றோடு மூன்றாவது வாரம்.

மார்ச் 22
உயில் எழுதியவருடைய தந்தையின் சொத்துப் பிரிப்பு ஆவணம் கிடைத்தது. விதவைக்குரிய மூன்றிலொரு பங்காக அளந்து கொடுத்த இடம் அதே கிழக்குப் பக்கத்து அறை. அவரை அந்தத் தந்தை மணந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. ஆகவே மாற்றாந்தாய். கையொப்பமிட வேண்டிய இடத்தில், சற்றுச் சாய்ந்த ஒரு கீறலும் அதன் குறுக்கே இன்னொன்றும் மட்டும் இருக்கின்றன. குறுக்குக் கீறல் தொடங்கும் இடத்தில் மை தேங்கியிருக்கிறது.

அத்தையிடம் சொல்லவில்லை.

மார்ச் 23
மறுமணத்துக்கு வந்தபோதே அவர் விதவை. முதல் கணவருக்குப் பிறந்த மகள் ஒருத்தியை உடன் அழைத்து வந்திருந்தால்? இரு பக்கத்துப் பிள்ளைகளும் பின்னர் ஒருவரையொருவர் மணந்துகொள்வது அவ்வூர்களில் நடந்ததுதான். உயில் எழுதியவருடைய மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் எங்கும் இல்லை. அவள் அந்த மகளாக இருந்தால், இப்ஸ்விச்சுக்காரி ஒரே நேரத்தில் மாற்றாந்தாயும் மாமியாரும் ஆகிறார். முதல் கணவரின் சொத்து ஆவணத்துக்கு இன்றே விண்ணப்பித்துவிட்டேன்.

மார்ச் 24
பழைய கணக்கில் இன்று ஆண்டின் கடைசி நாள். அத்தை கண் திறந்து, "அவள் யாரென்று தெரிந்ததா?" என்றார். இன்னும் ஒரு தாள் வர வேண்டியிருக்கிறது என்றேன். மோதிரத்தைக் கேட்டார்; உறையோடு அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

மார்ச் 26
காலை 4.10க்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். தாள் வரவில்லை.