விதை நிதியும் இரண்டு ஆண்டுக் கெடுவும்

ஒரு கருவி ஆய்வகத்தில் இயங்கும் என்று காட்டுவதற்கு ஆராய்ச்சி நிதி உண்டு; அது சந்தையில் விற்கத் தொடங்கிவிட்டால் வங்கிகளும் முதலீட்டாளர்களும் தாமாகவே தேடி வருவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, முன்மாதிரியைச் செய்து, களத்தில் சோதித்து, சான்றிதழ் பெற்று, முதல் வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்க்கும் காலத்தில்தான் கை கொடுக்க ஆள் இருப்பதில்லை. வங்கி அடமானம் கேட்கும். முதலீட்டாளர் விற்பனைக் கணக்கைக் கேட்பார். அந்த இடைவெளியில் அரசு விதை நிதி எனப்படும் தொடக்கப் பணத்தைப் போடத்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த நிபந்தனைகளோடு போடுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் நிறுவனங்களுக்கு நேரடியாகச் செல்வதில்லை. புதிய நிறுவனங்களுக்கு இடமும் வழிகாட்டுதலும் தந்து வளர்க்கும் இன்குபேஷன் மையங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஒவ்வொன்றும் 5 கோடி ரூபாய் வரை பெற்று, தாங்கள் தேர்வு செய்யும் புத்தொழில் நிறுவனங்களுக்குத் தவணைகளாக வழங்குகின்றன. கருத்தாக்கத்தை நிரூபிக்கவும் முன்மாதிரி செய்யவும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம். சந்தையில் நுழையவும் வணிகமயமாக்கவும் 50 லட்சம் ரூபாய் வரை கடனாகவோ பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரமாகவோ கிடைக்கும். கடனுக்குப் பிணை கிடையாது, வட்டியும் ரெப்போ விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தை, தாண்டக் கூடாது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதைவிட இணக்கமான கடன் கிடைப்பது அரிது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. கைபேசிச் செயலி எழுதுபவருக்கு இரண்டு ஆண்டுகள் தாராளம். மருத்துவக் கருவியோ, மின்கலமோ, புதிய உலோகக் கலவையோ செய்பவருக்கு அச்சு வார்த்து, பாகங்கள் வரவழைத்து, சோதனைக்கூடத்தில் முறை கிடைக்கும்வரை காத்திருப்பதிலேயே அந்தக் காலம் கரைந்துவிடும். பதிவு செய்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்குவதால், விவரம் தெரிந்தவர் நிறுவனத்தைப் பதிவு செய்வதையே தள்ளிப்போடுவார். தெரியாதவர் உரிய நேரத்தில் பதிவு செய்துவிட்டுத் தகுதியை இழப்பார். நேர்மையாக முன்கூட்டியே தொடங்கியவரைத் தண்டிக்கும் விதியை நல்ல விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரித் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான பைராக் (BIRAC) வழங்கும் பிக் (BIG) மானியம், 50 லட்சம் ரூபாய் வரை தருவது, தனிநபர்களையும் விண்ணப்பிக்க அனுமதிக்கிறது. துறையின் இயல்பை அறிந்து வகுத்த விதி அது.

தமிழ்நாட்டின் டான்சீட் திட்டம் வேறு வழியில் செல்கிறது: புத்தொழில்களுக்கான மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு பொதுவாக 10 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்து, 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. மானியம் என்று பெயரிட்டுவிட்டுப் பங்கு கேட்பதா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. வெற்றி பெற்ற ஒன்றிரண்டு நிறுவனங்களின் மதிப்பில் ஒரு பகுதி பொதுப் பணத்துக்குத் திரும்புவதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வன்பொருள் செய்பவருக்கு 10 லட்சம் எத்தனை தூரம் வரும்?

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, சிறு நிறுவனங்களின் புத்தாக்க ஆராய்ச்சிக்கான எஸ்பிஐஆர் (SBIR) திட்டம், அங்கே பெரிய ஆராய்ச்சி நிதி வைத்திருக்கும் மத்திய அரசுத் துறைகள் வெளியாரைக் கொண்டு செய்விக்கும் ஆராய்ச்சிக்கான செலவில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பங்கு பின்னர் 3.2 சதவீதமாக உயர்ந்தது. முதல் கட்டத்தில் சாத்தியம் பார்க்கச் சிறு தொகை, அதில் தேறினால் இரண்டாம் கட்டத்தில் பெருந்தொகை. அரசு பங்கு எதையும் கேட்பதில்லை. மூன்றாம் கட்டத்துக்குத் தனி நிதி இல்லை. ஆனால் முந்தைய கட்டங்களில் விளைந்த பொருளை அரசுத் துறை மறுபடி போட்டியிட வைக்காமல் நேரடியாகவே வாங்கலாம். நம் விதை நிதித் திட்டங்களில் நான் தேடுவது இந்த மூன்றாம் கட்டத்தைத்தான்: முன்மாதிரிக்கு 20 லட்சம் கொடுத்த அரசின் மருத்துவமனையோ மின்வாரியமோ அந்தப் பொருளின் முதல் 50 அலகுகளை வாங்குவதாக, மானியம் வழங்கும் அன்றே நிபந்தனையோடு எழுதிக் கொடுப்பது.