ஆறரைக் கட்டை

ஜனவரி 6, செவ்வாய்

அவன் அறைக் கதவின் பூட்டைக் கழற்றியாயிற்று. நாலு திருகாணி. இவர் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. திருகாணிகளைத் தூக்கிப் போட மனசு வராமல் அஞ்சறைப்பெட்டியில் காலியாக இருந்த கிண்ணத்தில் போட்டு வைத்தேன். கடுகு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஜனவரி 7, புதன்

அரை இட்லி சாப்பிட்டான்.

ஜனவரி 9, வெள்ளி

ராத்திரி 2:10. டொக் டொக்கென்று ஒரு சத்தம். ஹீட்டர் என்று நினைத்தேன். இல்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்டு வாசிக்கிறான். இசை அவன் காதுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே இருக்கிற எனக்குக் கட்டைகள் இறங்கி எழுகிற சத்தம் மட்டும்தான். உலர்ந்த சத்தம், ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி. கதவோரமாகக் கார்ப்பெட்டில் உட்கார்ந்தேன். அதே நாலடி, திரும்பத் திரும்ப, கொஞ்சமும் வேகம் மாறாமல். எங்கேயோ கேட்ட பாட்டு. சுரம் இல்லாமல் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்னவென்று கண்டுபிடிக்க?

3:25க்கு நிறுத்தினான். அதுவரை அங்கேயேதான் இருந்தேன்.

ஜனவரி 10, சனி

இன்றும் அதே பாட்டு.

ஜனவரி 11, ஞாயிறு

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. என் விரலே கிண்ணத்தின் விளிம்பில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ஈரக்கையோடு போனை எடுத்துத் தேடினேன். தி ஃப்ரே குழுவின் ‘ஹவ் டு சேவ் எ லைஃப்’. பேரைத் திரையில் பார்த்ததும் கை ஜில்லிட்டுப்போய்விட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றுவது எப்படி. என் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து இதையா வாசிக்கிறான்?

2006ல் எனக்கு இந்தப் பாட்டு தெரியும். கல்யாணமாகி வந்த வருஷம். மனைவிக்கென்று கொடுக்கிற எச்4 விசா, கார் ஓட்டத் தெரியாது, பகல் முழுக்க சோபா, டிவி. ‘கிரேஸ் அனாடமி’ தொடரின் மூன்றாம் சீசனுக்கு விளம்பரம் போட்டுத் தள்ளுவார்கள், பின்னணியில் இந்தப் பியானோ. நீல உடுப்பு டாக்டர்கள் ஓடுவார்கள். ஆபரேஷன் தியேட்டர் பாட்டு, யாரோ டாக்டர் பாடுவதாக எழுதியது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு சொல்லியிருப்பதால் நாள் முழுக்கப் படித்தேன். என்ன தேடுகிறேன் என்று தெரியாமலே படித்தேன்.

இந்தக் குழு டென்வர்க்காரர்கள். நான் இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாது. ஐசக் ஸ்லேட், ஜோ கிங் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 2002ல் ஒரு வாத்தியக் கடையில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ராக் என்றால் கிட்டார்தானே முன்னால் நிற்கும். இவர்களிடம் பியானோ முன்னால் நின்றது, வாசித்துக்கொண்டே பாடியது ஸ்லேட். பேஸ் கிட்டாருக்கென்று நிரந்தரமாக ஓர் ஆள்கூட குழுவில் கிடையாது.

பாட்டு டாக்டர்களைப் பற்றியதே இல்லை. தடம் மாறிப் போகிற பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு முகாமில் ஸ்லேட் துணையாளாக இருந்திருக்கிறார். அவர் பொறுப்பில் விட்ட ஒரு பையனுக்கு 17 வயது, இசை தெரிந்தவன், தலைக்கு மேல் பிரச்சினை. தான் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்டவன், அவனைக் காப்பாற்றுவது எப்படி என்று யாராலும் ஒரு கையேடு எழுதித் தந்திருக்க முடியாது என்று ஸ்லேட் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

17. இவனுக்கு மார்ச்சில் 17.

கையேடு என்னிடம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் பண்ணும்போது கொடுத்த ஏழு பக்கம், பிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் சொல்ல வேண்டிய வாக்கியங்கள், நாலாம் பக்கத்தில் சொல்லக் கூடாதவை. முந்தாநாள் மூன்றாம் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். “கண்ணா, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்.” மரியாதையாக ஒரு சிரிப்பு சிரித்தான். விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பார்வை என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிருந்தது.

அந்தப் பாட்டின் முதல் சரணத்தில் இதேதான் நடக்கிறது. பெரியவர் ஒருவர் பேசலாம் வா என்று உட்கார வைக்கிறார். எதிரே இருப்பவன் மரியாதையாகச் சிரிக்கிறான். காலையிலிருந்து பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். அம்மா வீடியோவில் வந்து பேரன் எங்கே என்றாள். “தூங்குறான்மா” என்றேன். இங்கே மணி அப்போது சாயங்காலம் ஆறு. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் “சரி, எழுந்ததும் சக்கரைப் பொங்கல் குடு” என்றாள்.

ஜனவரி 17, சனி

சண்டை. இவர் மாடிப்படியில் நின்றுகொண்டு, “அந்தப் பசங்களோட இனிமே பேசினேன்னா போன் கிடையாது, கீபோர்டும் கிடையாது” என்று கத்தினார். கீபோர்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நானும் கத்தினேன். அவன் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் சமையல்கட்டில் வைத்து இவரிடம் சொன்னேன். அந்தப் பையனைச் சுற்றியிருந்தவர்கள், குடும்பமும் நண்பர்களும், ‘இதை விட்டுத்தொலை, இல்லாவிட்டால் உன்னோடு பேச மாட்டேன்’ என்றுதான் எல்லாருமே கெடு வைத்தார்களாம். அவனுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் ஆதரவு மட்டும்தான் என்று ஸ்லேட் பின்னால் சொல்லியிருக்கிறார். “ஒரு பாட்டுக்காரன் சொன்னதை வச்சா என் பிள்ளைய நான் வளர்க்கணும்?” என்றார் இவர். சரி, அதுவும் நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனி வாரப் போனவர் நம் வாசலை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலையும் வாரிக்கொண்டிருந்தார். இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

சுருதிப்பெட்டி ஆப்பில் தேடிப் பார்த்தேன். பாட்டின் சுருதி ஆறரைக் கட்டை. எனக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் ஐந்தரைக்கு மேல் ஏற்ற விட்டதே இல்லை.

இந்தப் பாட்டில் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. சுரங்கள் எல்லாம் சங்கராபரணத்துச் சுரங்கள், கல்யாண வீட்டில் வாசிக்கிற சுரங்கள். முகாரி சாயல்கூட இல்லை. அப்படியிருந்தும் ஏன் பிசைகிறது? முதலில் பியானோ தனியாக வருகிறது. ஆறேழு சுரம்தான், ஒரு சின்ன வட்டம். அப்புறம் குரல், கிட்டத்தட்ட பேச்சு மாதிரி. டிரம்ஸ் பின்னாலிருந்து மெதுவாக வந்து சேர்கிறது. குரல் பல்லவியில் மேலே ஏறித் தவிக்கும்போதும் பியானோ தன் வட்டத்தை விடுவதில்லை. ஆள் உடைகிறான், கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் யாருக்காவது முடியாதபோது நாம் சோறு வடிப்போமே, அது மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நிமிடத்துக்கு 122 அடி. அன்று ராத்திரி மானிட்டரில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த எண்ணும் நூற்றுச் சொச்சம்தான்.

ஜனவரி 20, செவ்வாய்

ராத்திரி 2:40க்குப் பாதியில் சத்தம் நின்றது. வழக்கமாக வட்டத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்துவான். ஓடினேன். கீபோர்டு மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தான். கன்னத்தில் கட்டைகளின் கோடு. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன், பிறந்த வாரத்தில் பார்த்த மாதிரி. ஹெட்போனைக் கழற்றவில்லை. கால் நடுங்கி நிற்க அரை மணி ஆயிற்று.

ஜனவரி 21, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 24, சனி

“ஒரு ரவுண்டு போலாமா?” என்றேன். வந்தான்! ஷூ போட்டுக்கொண்டு வந்தான். அரோராவிலிருந்து 70ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே, மலையைப் பார்த்தபடி. எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. ஆர்வாடா வந்ததும் சொல்லிவிட்டேன், “நீ வாசிக்கிறியே ஒரு பாட்டு, அதை எழுதினவங்க இங்கதான் படிச்சாங்களாம்.”

“தெரியும்மா.”

கொஞ்ச தூரம் போனதும், “நான் வாசிக்கிறது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?” என்றான்.

“கட்டை சத்தம்.”

திரும்பி என்னைப் பார்த்தான். இருபது நாளில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தான். வேறு ஒன்றும் பேசவில்லை. மலை மேலே வெயில், கீழே சாலையில் உப்பும் சேறும். ஒரு காபிக் கடையில் அவனுக்கு ஹாட் சாக்லேட், எனக்கு டீ. பாதி குடித்தான். வருகிற வழியில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். எழுப்ப மனசில்லாமல் 225ல் எங்கள் எக்ஸிட்டை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன்.

ஜனவரி 28, புதன்

இன்று அந்தப் பாட்டின் மேல் கோபம். 2006ல் பில்போர்டில் 3ஆம் இடம் வரை ஏறியது, 58 வாரம் பட்டியலில் இருந்தது. பிரிட்டனில் 4. கிராமிக்குப் பரிந்துரை. ஒரு பிள்ளையைக் கைவிட்ட கதையை எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் உலகத்தையே பாட வைத்தாயிற்று. அந்தப் பையன் என்ன ஆனான்? இதை ரேடியோவில் கேட்டிருப்பானா? தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்திருக்குமா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று படித்தேன், படித்திருக்கக் கூடாது. ஸ்லேடுக்கு வந்த மின்னஞ்சல்களில் ஒன்று. கார் விபத்தில் ஒரு பையன் செத்துப்போனான், அவன் கம்ப்யூட்டரில் கடைசியாக இறக்கியிருந்தது இந்தப் பாட்டாம். சவ அடக்கத்தில் இதை ஒலிக்கவிட்டார்கள். நண்பர்கள் சிலர் பாட்டுப் பேரில் ‘சேவ் எ லைஃப்’ என்ற மூன்று வார்த்தையைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். போய் அவன் அறையை எட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே இன்று பதினாலு தடவை பார்த்தாயிற்று.

ஜனவரி 29, வியாழன்

நேற்று எழுதியது தப்பு. கைவிட்ட கதை என்று எழுதியிருக்கக் கூடாது. பாட்டின் நடுவில் அந்தப் பெரியவர் தன்னையும் குற்றவாளிகளில் சேர்த்துக்கொள்கிறார். தெரிந்திருந்தால் விடிய விடியக் கூடவே விழித்துக் கிடந்திருப்பேன் என்கிறார். ஒவ்வொரு மேடையிலும் ஆயிரம் பேர் முன்னால், 2022ல் குழுவை விட்டு விலகும்வரை, அதைத் தன் வாயால் சொல்லியிருக்கிறார் மனுஷன். நான் இன்னும் என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இது எப்படி டாக்டர் பாட்டு ஆனது என்பதும் இப்போது அவ்வளவு உறுத்தவில்லை. ‘ஸ்க்ரப்ஸ்’ தொடரிலும் போட்டிருக்கிறார்கள். உறுப்பு மாற்று செய்த மூன்று நோயாளிகளும் ஒவ்வொருவராகக் கைநழுவிப் போகிற இடத்தில். பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அன்று எமர்ஜென்சியில் இவன் பக்கத்தில் நின்ற அந்த இளம் டாக்டருக்கும் கை லேசாக நடுங்கியது. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

ராத்திரி 1:50. கதவோரம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. “அம்மா, தரை சில்லுன்னு இருக்கும். உள்ள வா.”

கட்டிலில் உட்கார்ந்தேன். ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தைச் சன்னமாக வைத்தான். முதல் தடவையாக வெளியே கேட்கிறேன். ரிக்கார்டில் இருப்பதைவிட மெதுவாக வாசிக்கிறான். பாடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

நாலைந்து சுற்று போனதும் நகர்ந்து இடம் விட்டான். என் இடது கையைப் பிடித்துக் கட்டை மேல் வைத்தான். சுண்டுவிரல் கறுப்பில், அதுதான் ஆறரை. “அதை அழுத்திட்டு விட்டுடாத, அடுத்தது வர்ற வரைக்கும் பிடிச்சுட்டே இரு.” எனக்கு விட்டு விட்டுத்தான் வந்தது. “அம்மா, அவசரப்படற.” பிடித்தேன். மேலே அவன் வலது கை.

இவர் வந்து நிலைப்படியில் நின்றார். பூட்டு இருந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 2, திங்கள்

சுண்டுவிரல் வலிக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல நாள் இல்லை. சாப்பிடவில்லை, பேசவில்லை, கீபோர்டும் இல்லை. ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லாமல் இருந்தது. உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். போகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் பள்ளிக்கு அரை நாள் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்றான். டிபன் பாக்ஸில் தயிர்சாதம் வைத்தேன். காரில் ஏறியதும் அவனே பாட்டுப் போட்டான். அந்தப் பாட்டு இல்லை, வேறு ஏதோ, எனக்குத் தெரியாதது. யார் பாடுகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டில் இறங்கும்போது, “பன்னெண்டரைக்கு வந்துடு” என்றான்.

இப்போது மணி 11:05. பார்க்கிங்கிலேயே இருக்கிறேன்.