1974 கோம்பி வேனில் பாயிண்ட்டைக் கழற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியது: வேலைக் குறிப்பு

வண்டி 1974 ஃபோக்ஸ்வாகன் டைப் 2. உள்ளே படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி. பின்னால் 1584 சிசி காற்றில் குளிரும் எஞ்சின், சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்புகிற போஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் காயிலின் கரண்டை வெட்டிப் பொறியை உண்டாக்குகிற சின்னச் சுவிட்சுதான் பாயிண்ட். அந்த வேலையை எலக்ட்ரானிக்ஸால் செய்வது மாட்யூல். வேலை நடந்தது பாளையங்கோட்டையில். ஓட்டிப் பார்த்தது நான்குவழிச் சாலையில் வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை.

பட்டறையில் எல்லாரும் கேட்கிற கேள்வி: "பாயிண்ட் நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு, எதுக்கு மாத்துதிய?"

கேள்வி நியாயமானதுதான். சரியாக வைத்த புதுப் பாயிண்ட்டுக்கும் மாட்யூலுக்கும் இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் மூவாயிரம் கிலோமீட்டர் கழித்துத் தெரியும். கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய 0.4 மி.மீ. இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கிற கோணம்) கூடும், ட்வெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் (பொறி விழுகிற நேரம்) ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தங்கும். காற்றில் குளிரும் எஞ்சினில் பின்தங்கிய டைமிங் என்றால் சூடு. அதுவும் சித்திரை வெயிலில், நம் பக்கத்துத் தேரி மண் பறக்கிற சாலையில் அந்தக் கட்டை இன்னும் சீக்கிரம் தேயும். மாட்யூலில் உரசுகிற பாகமே இல்லை. வைத்த டைமிங் வைத்த இடத்தில் நிற்கும். கிடைக்கிற லாபம் இவ்வளவுதான்.

நஷ்டமும் உண்டு. பாயிண்ட் சாகும்போது மிஸ் அடித்து, இழுவை குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்துச் சொல்லிவிட்டுச் சாகும். மாட்யூல் ஒரு வார்த்தை சொல்லாது. அதைக் கொல்வது பெரும்பாலும் பழைய வயரிங்தான். அதனால் வேலையில் முக்கால் பங்கு மாட்யூலைத் தொடாமலே நடந்தது.

முதலில் பெட்ரோல் ஹோஸ். இந்த எஞ்சினில் ஃபியூல் பம்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பழைய துணி பின்னிய ஹோஸ், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் உள்ளிருந்தே விரிசல் விடும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். வளைத்துப் பார்த்தால் விரிசல் தெரியும். தீப்பொறியைச் சரிசெய்யப் போகிறவர் பெட்ரோல் ஒழுகலை விட்டுவைக்கக் கூடாது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்து ஹோஸ், ஒவ்வொரு முனைக்கும் கிளிப்பு.

அடுத்து மீட்டர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாவியைப் போட்டுக் காயிலின் 15-ஆம் முனையில் (சாவி வழியாகப் பிளஸ் வருகிற முனை) மீட்டரை வைத்தால் 12.4 காட்டும், "லைன் நல்லா இருக்கு" என்று மூடிவிடுவார்கள். அப்போது பாயிண்ட் திறந்திருந்தால் கரண்டே ஓடவில்லை. கரண்ட் ஓடாத வயரில் இழப்பும் தெரியாது. கிராங்க் கப்பியின் போல்ட்டை 30 மி.மீ. ஸ்பேனரால் திருப்பிப் பாயிண்ட் மூடிய இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது:

பேட்டரியில் 12.5 வோல்ட். காயில் 15-இல் 10.3. செல்ஃப் அடிக்கும்போது அதே முனையில் 7.9.

2.2 வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. பேட்டரி பின்னால் எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிறது; ஆனால் கரண்ட் முன்னால் டேஷ்போர்டு வரை போய், ஃபியூஸ் பெட்டியும் சாவி சுவிட்சும் தாண்டி, மறுபடி பின்னால் வர வேண்டும். ஐம்பது வருஷத்து முனைகள், ஒவ்வொன்றிலும் பச்சைப் பூப்பு. செல்ஃப் அடிக்கும்போது 8 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாயிண்ட் எப்படியோ சமாளிக்கும். மாட்யூல் சமாளிக்காது. "புது மாட்யூல் போட்டும் காலையில ஸ்டார்ட் ஆகல" என்கிற புகார் பலவற்றுக்கு இதுவே காரணம்.

இந்த அளவை எடுத்த உடனே சாவியை அணைத்துவிட வேண்டும். 3 ஓம் காயிலில் 12 வோல்ட் நின்றால் 4 ஆம்பியர், 48 வாட், காயில் அடுப்பாகிவிடும்.

மருந்து ரிலே: சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கிற சுவிட்சு. நான்கு முனை சாதாரண கார் ரிலேயைப் பேட்டரிக்கு அருகிலேயே எஞ்சின் அறைச் சுவரில் மாட்டியாயிற்று. அதன் முனை எண்கள்படி, 30-க்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர். 85 எர்த். காயிலுக்கு வந்துகொண்டிருந்த பழைய கறுப்பு வயர் 86-க்கு. அதற்கு இனி ரிலேயை இழுக்கிற வேலை மட்டும். 87-இலிருந்து காயில் 15. அதே முனையில் தொங்கிக்கொண்டிருந்த சோக் வயரும் கார்புரேட்டரின் ஐடில் கட்-ஆஃப் வயரும் 87 பக்கமே வந்துவிட்டன. உள்ளே டையோடு வைத்த ரிலே என்றால் 85, 86 மாறக்கூடாது. மாறினால் சாவி போட்டதும் டையோடு எரியும். மறுபடி அளந்தால் காயிலில் 12.2, செல்ஃப் அடிக்கும்போது 9.8.

எர்த்துக்கும் இதே சோதனை. மீட்டரின் ஒரு முனை எஞ்சின் பிளாக்கில், மறுமுனை பேட்டரி மைனஸில், செல்ஃப் அடிக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இதில் 0.9. கியர்பாக்ஸின் முன்முனையிலிருந்து சேஸிக்குப் போகிற பின்னல் பட்டை பாதி அறுந்து, மீதி உளுத்துக் கிடந்தது. அந்தப் பட்டை முழுதாக அறுந்தால் செல்ஃப் கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் காரணமில்லாமல் இறுகுகிறது என்றால் இதையும் பாருங்கள். புதுப் பட்டை, இரண்டு முனையிலும் பெயிண்ட் சுரண்டி வெறும் இரும்பு. 0.2-க்கு வந்தது.

காயிலின் முதன்மைச் சுற்று 3.2 ஓம். நான்கு சிலிண்டருக்கு இந்த வகை மாட்யூல் கேட்பது 3 ஓமுக்குக் குறையாத காயில். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கரண்டைக் குறைக்கிற பேலஸ்ட் ரெசிஸ்டரோடு வேலை செய்கிற 1.5 ஓம் காயிலைத் தருவார்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றாக இருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் அதை மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு. மாட்யூல் ஆயுள் சில மணி நேரம். மீட்டர் இல்லாமல் காயில் வாங்கவே கூடாது.

இனி மாட்யூல். 009-க்குப் பெர்ட்ரானிக்ஸ் கம்பெனியின் இக்னைட்டர் மாட்யூலில் 1847ஏ; வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சுகிற விசையால் டைமிங்கை மாற்றுகிற அமைப்பு) உள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்கு 1847வி. இரண்டும் வேறு, மாற்றி வாங்கினால் உட்காராது.

கழற்றுவதற்கு முன் எஞ்சினை முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சத்துக்குக் கொண்டுவந்தோம்: கப்பியின் குறி கிராங்க்கேஸின் நடுப்பிளவுக்கு நேரே, ரோட்டாரின் (கேப்புக்குள் சுழல்கிற கை) முனை டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள வெட்டுக்கு நேரே. கேப், ரோட்டார், பாயிண்ட் கழன்றன. பாயிண்ட்டைப் பிடிக்கிற திருகு அரிசி மணியை விடச் சற்றுப் பெரிது. அது தவறி உள்ளே விழுந்தால் தட்டுக்கு அடியில் வெயிட்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். எடுக்காமல் செல்ஃப் அடித்தால் அட்வான்ஸ் (வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டி விழவைக்கிற அமைப்பு) கெட்டுப்போகும். திருப்புளி நுனியில் காந்தம் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு சொட்டு கிரீஸில் திருகை ஒட்டிவையுங்கள்.

தட்டைச் சும்மா துடைத்தால் போதாது. மாட்யூலுக்கு எர்த் அந்தத் தட்டு வழியாகத்தான். எண்ணெய்ப் பிசுக்கு, கறை எல்லாம் போக நைஸ் எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பொடி உள்ளே விழாமல் துணியில் எடுத்தோம். ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இல்லை. ஆட்டம் கையில் தெரிந்தால் மாட்யூல் போட்டும் டைமிங் துள்ளும், முதலில் புஷ் மாற்ற வேண்டும். ரோட்டாருக்கு அடியில் ஷாஃப்ட் தலையில் உள்ள ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில். ஷாஃப்டைக் கையால் முறுக்கி விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே வர வேண்டும். வந்தது.

மாட்யூலைத் திருகி, நான்கு காந்தம் பதித்த வளையத்தைக் கேமின் மேல் அழுத்தினோம். வளையம் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் ரோட்டார் உயர்ந்து கேப்பின் கரித்துண்டை நசுக்கும், இல்லையென்றால் பித்தளை முனைகளில் இடிக்கும்; கேப் உடைந்த பிறகுதான் காரணம் தெரியும். கேப்பை மூடும் முன் கப்பியை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். மாட்யூலின் இரண்டு வயரும் ரப்பர் அடைப்பு வழியாக வெளியே. உள்ளே தொய்வு விட்டால் சுழல்கிற வளையம் பிடித்து அறுக்கும்.

சிவப்பு வயர் காயில் 15-க்கு, கறுப்பு வயர் காயில் 1-க்கு (பாயிண்ட் பக்கம் போகிற மைனஸ் முனை). மாறினால் மாட்யூல் ஒரே நொடியில் போய்விடும், கேரண்டியும் கேட்க முடியாது. பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுத்துவந்த பழைய கண்டென்சரின் வயரைக் காயில் 1-இலிருந்து எடுத்துவிட வேண்டும். விட்டால் வண்டி ஓடும், ஆனால் பொறி மெலிந்துபோகும்.

முதல் செல்ஃபிலேயே பிடித்தது. ஆனால் பாயிண்ட்டில் ஐடிலில் உச்சத்துக்கு முன் 7 டிகிரி இருந்த டைமிங் இப்போது 13 காட்டியது. எதிர்பார்த்ததுதான்: பாயிண்ட் திறக்கிற இடமும் மாட்யூல் வெட்டுகிற இடமும் ஒன்றல்ல. மாட்யூல் போட்டுவிட்டு டைமிங் லைட் பிடிக்காமல் ஓட்டுவது எஞ்சினை வேண்டுமென்றே பொசுக்குவது.

009-ஐ ஐடிலில் வைப்பதை விட உச்ச அட்வான்ஸில் வைப்பதே சரி. கப்பியில் 30 டிகிரிக் குறி இல்லை என்றால் நாமே போடலாம். கப்பியின் சுற்றளவை நூலால் அளந்து 12-ஆல் வகுத்தால் வருகிற நீளம்தான் 30 டிகிரி. பின்னால் நின்று பார்க்கும்போது உச்சக் குறிக்கு வலப்பக்கம் அந்த நீளத்தை அளந்து வெள்ளைக் கோடு. 3500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, லைட்டில் அந்தக் கோடு நடுப்பிளவில் நிற்கும் வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினோம். அதே அமைப்பில் ஐடிலில் 8 டிகிரி விழுந்தது. ஐடிலில் 5-க்குக் கீழோ 12-க்கு மேலோ விழுந்தால் வெயிட்டோ ஸ்பிரிங்கோ சரியில்லை என்று அர்த்தம்.

பிளக் என்ஜிகே பி6எச்எஸ், இடைவெளி 0.7 மி.மீ. அலுமினிய ஹெட் என்பதால் எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாயில் பிளக்கைச் செருகி விரலால் மரையேற்றினால் மரை கெடாது. பிளக் வயரின் ரப்பர் அடைப்பு நான்கும் எஞ்சினை மூடிய தகரத்தில் சரியாக உட்கார வேண்டும். அது இல்லாத ஓட்டை வழியே குளிர்காற்று வெளியே போய்விடும்.

ஓட்டம். ஆடிக் காற்று பணகுடியில் தொடங்கிவிடும். இந்த வண்டியின் சப்பை மூஞ்சிக்கு எதிர்காற்று என்றால் சமதளமே மலையேற்றம். மூன்றாம் கியரில் நீண்ட நேரம் முழு ஆக்சிலேட்டர், சோதனைக்கு இதை விட நல்ல இடம் இல்லை. நாக்கிங் இல்லை. ஆனால் 3000 ஆர்பிஎம் தாண்டினால் சுருக் சுருக்கென்று மிஸ்.

மாட்யூல்தான் பழுது என்று நினைக்கத் தோன்றும். பிளக் வயரை ஓம் மீட்டரில் பார்த்தால் பூஜ்யம்: செம்புக் கம்பி, முனைகளிலும் ரெசிஸ்டர் இல்லை. பாயிண்ட்டுக்கு அது தொந்தரவில்லை. மாட்யூலுக்குள் இருப்பது எலக்ட்ரானிக்ஸ். ரெசிஸ்டர் இல்லாத வயர் எழுப்புகிற ரேடியோ இரைச்சலில் அது தப்பான நேரத்தில் வெட்டிவிடும். 5 கிலோ ஓம் முனைகள் உள்ள வயர் செட் போட்டதும் மிஸ் போயிற்று. ஐடிலிலிருந்து மிதிக்கும்போது ஒரு கணம் தயங்குவது மட்டும் இன்னும் இருக்கிறது. 009-இல் வேக்குவம் இல்லாததால், 34 பிக்ட்-3-ஓடு சேர்ந்தால் வருகிற பிறவிக்குணம் அது. தீர வேண்டும் என்றால் வேக்குவம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும்.

வேனில் தங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உவரிக் கடற்கரையில் நிறுத்திவிட்டு சாவியைப் போட்டபடி பாட்டுக் கேட்கிற பழக்கம் இனி ஆகாது. எஞ்சின் நின்ற நிலையில் காந்தம் தோதான இடத்தில் இருந்தால் அந்த 48 வாட் காயிலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். காயிலும் மாட்யூலும் சேர்ந்து போகும். ரேடியோவுக்கும் விளக்குக்கும் சாவியைத் தொடாத தனி சுவிட்சு வைத்தாயிற்று. கடற்கரையில் இரவு தங்கினால் காலையில் கேப்பைக் கழற்றி உள்ளே துடைக்க வேண்டும். உப்பு ஈரத்தில் முனைக்கு முனை பென்சில் கோடு போல ஒரு கரித்தடம் விழும். விழுந்துவிட்டால் சுரண்டிப் பயனில்லை, புதுக் கேப்தான்.

கழற்றிய பாயிண்ட்டைத் தூக்கி எறியவில்லை. அதை இன்னொரு 009-இல் 0.4 மி.மீ. வைத்து, கண்டென்சரும் மாட்டி, தனி கிளாம்ப்போடு வண்டியில் ஏற்றி, லைட் பிடித்து டைமிங் வைத்து, கிளாம்பின் இறுக்கத்தைத் தொடாமல் அப்படியே கழற்றி வைத்திருக்கிறது. கிராங்க்கேஸில் கிளாம்ப்புக்கு ஒரே இடம்தான். அடியில் உள்ள நாக்கும் மையம் விலகியது, தலைகீழாக உட்காராது. வழியில் மாட்யூல் நின்றால் ஒரே நட்டு, டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றி, அதன் வயரைக் காயில் 1-இல் செருகினால் போதும். கேப்பைத் திருப்பி மாட்டும்போது வயர் வரிசை வலச்சுற்றாக 1-4-3-2. மறந்துபோகும் என்று எஞ்சின் மூடியின் உட்பக்கம் பெயிண்ட்டால் எழுதியிருக்கிறது.