சிறைக்குள் வளரும் குட்டிகள்

பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்துவிடுவார். வீட்டு நாய் மணி மட்டும் அவர் காலடியில் போய்ப் படுக்கும். சத்தம் ஓயும்வரை அவர் கை அதன் கழுத்தை விட்டு நகராது.

அமெரிக்காவில் சிறைக் கைதிகளே இப்படி உதவும் நாய்களைப் பழக்குகிறார்கள். 1981இல் வாஷிங்டன் மாநிலப் பெண்கள் சிறையில் தொடங்கிய முயற்சி. நியூயார்க்கிலும் 1997 முதல் நடக்கிறது. குட்டி கைதியின் அறையிலேயே வளர்கிறது. கீழே விழுந்த சாவியைக் கவ்வித் தருவது, விளக்கைப் போடுவது, கெட்ட கனவில் அலறுபவரை மூக்கால் முட்டி எழுப்புவது, எல்லாம் அங்கேதான் பழகுகிறது. அப்புறம் ஒருநாள் போரில் அடிபட்டுத் திரும்பிய வீரரிடம் போய்விடும். வளர்த்தவர் உள்ளேயே இருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நேற்று பஸ்ஸில் கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையைக் கடந்தபோது, அந்த மதிலுக்குள்ளும் ஒரு குட்டி ஓடக்கூடாதா என்று ஆசையாக இருந்தது. சிறைத் துறையில் இருப்பவர்கள் கண்ணில் இது பட்டால் யோசித்துப் பாருங்கள்.

பெரியப்பாவிடம் சொன்னேன். “ராத்திரியில குட்டி அழுமே, பக்கத்துல படுக்க விடுவாங்களா?” என்று கேட்டார்.